கவுளி சொன்னபோது சென்னியப்பன் மனசில் இருந்தது

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து சண்டை பிடிக்கக் கூடாது. இந்தக் கதை ஒரு பல்லி போட்ட பிச்சை.

கொழிஞ்சாம்பாறையில் எண்ணெய்ச் செக்கு ஒன்றின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். போன மாதம் ஒரு காலையில் வேறொரு கதையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எப்படி முடிய வேண்டும் என்று நண்பர்கள் நான்கு பேர் நான்கு யோசனை சொல்லியிருந்தார்கள். நான்கையும் மண்டைக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே வலப்பக்கம் 'ட்சு ட்சு ட்சு' என்றது.

எங்கள் பக்கத்தில் பல்லியைக் கவுளி என்போம். பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் கோயிலில் போய் உட்கார்ந்து, காரியத்தை மனசில் நினைத்து, கவுளி வாக்குக் கேட்ட பிறகு கை வைக்கிற ஜனங்கள் நாங்கள். வலப்பக்கம் சொன்னால் நினைத்தது நடக்கும். இடப்பக்கம் சொன்னால் நடக்காது. ஆகா, வலம்தான் என்று துள்ளி எழுந்தேன். எழுந்த பிறகுதான் உறைத்தது. அது சொன்ன நொடியில் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? சத்தியமாகத் தெரியவில்லை. கீழேயிருந்து வந்த புது எண்ணெய் வாசம் மட்டும் நினைவிருந்தது.

அந்தக் கதையைத் தூக்கி மூலையில் போட்டேன். என் தொல்லையை நூறு வருஷம் பின்னால் தள்ளி, பாவம், சென்னியப்பன் தலையில் கட்டிவிட்டேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அடுத்தவர் கட்டுவதையெல்லாம் தலையில் வாங்கிக்கொள்வதுதான் அவன் சுபாவமே.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது. வானம் பொய்த்தது. பூமி வெடித்தது. ஏழைகளின் கண்ணீர் —"

போதும். சந்தோஷமான கதை எழுத உட்கார்ந்துவிட்டு வாசலிலேயே ஒப்பாரி வைத்தால் யார் உள்ளே வருவார்கள்?

இரண்டாவது தொடக்கம்: "கம்பளி கொடியில் தொங்கியது."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

கம்பளி கொடியில் தொங்கியது. கறுப்புக் கம்பளி, மடிப்புக் கலையாதது. வியாழக்கிழமை மத்தியானம் அழகுமலை என்கிற கங்காணி வந்து அதை வைத்துவிட்டுப் போயிருந்தான். தேவிகுளத்து மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போவது அவன் வேலை. அவனுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. கம்பளியைக் கொடுத்துவிட்டு எட்டு நாள் தவணை சொல்வான். திரும்பி வரும்போது மடிப்பைப் பிரித்திருந்தால் மலையேறச் சம்மதம் என்று அர்த்தம். மடித்தபடியே நீட்டினால் இல்லை. வளவளவென்று பேச வேண்டியதில்லை, பிறகு பேச்சு மாறவும் முடியாது.

சென்னியப்பனுக்கு நாற்பத்தைந்து வயது. கொழிஞ்சாம்பாறைக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவில் மூன்று ஏக்கர் காடு அவனுக்கு. (மேட்டு நிலத்தை இங்கே காடு என்பார்கள். புலி கிலியைத் தேட வேண்டாம்.) பழைய கிணறு வற்றி மூன்று கோடை ஆயிற்று. மாட்டு ஜோடியில் ஒன்று போய், மயிலை என்கிற வெள்ளைக் காளை மட்டும் மிச்சம். புதுக் கிணறு வெட்டித் தண்ணீர் வந்தால் இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் காட்டையும் மயிலையையும் விட்டுவிட்டு மலையேற வேண்டும்.

வெட்டுவது என்று மூன்று வருஷத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. எங்கே வெட்டுவது என்பதில்தான் இழுபறி. ஒரு குழிக்குத்தான் தெம்பு இருந்தது. அது தப்பினால் இன்னொன்று கிடையாது. காளிச்சாமி வடகிழக்கே ஈசானி மூலை என்றார். இவர் பக்கத்துக் காட்டுக்காரர், சென்னியப்பன் பெண்டாட்டிக்கு அண்ணன் முறை, தும்மினாலும் அதற்கொரு சாஸ்திரம் வைத்திருப்பவர். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து நீரோட்டம் பார்க்கிற ஆள் ஒருவர் தெற்கே வேப்பமரத்தடி என்றார். தேங்காய் அங்கேதான் எழுந்து நின்றதாம். பங்காளி நல்லதம்பி, பழைய கிணற்றையே ஆழமாக்கு என்றான். ஒவ்வொருவரும் சொல்லும்போது சென்னியப்பனுக்கு அதுவே சரியாகப் பட்டது. அவர் எழுந்து போய் அடுத்தவர் வந்து உட்கார்ந்தால், அதுவும் சரியாகப் பட்டது.

"ஏனுங்க, அந்த மூணு எடத்துக்கும் நடுவுல நம்மளப் பொதைச்சாத்தான் இந்தப் பஞ்சாயத்து தீருமாட்ட இருக்குது," என்றாள் முத்தாத்தாள். அவன் பெண்டாட்டி. வாய் கொஞ்சம் நீளம். என் பாத்திரங்களில் எனக்குப் பிடித்தவள் இவள்தான், மறைக்க என்ன இருக்கிறது?

"சித்த பொறு முத்தாத்தா. ரோசனை பண்ணீட்டுத்தான இருக்கறேன்."

"மூணு வருசமாப் பண்றீங்க. அந்த ரோசனைய எறைச்சுப் பாச்சியிருந்தா ரெண்டு போகம் வெளைஞ்சிருக்கும்."

கடைசியில் காளிச்சாமிதான் வழி சொன்னார். "மாப்ள, கவுளி கிட்டக் கேட்டுப் போடு. அது சொல்லிப் போட்டா அதுக்கு மேல நான் வாயத் தொறக்க மாட்டேன்."

காளிச்சாமி வாயைத் திறக்க மாட்டார் என்ற ஒரு காரணத்துக்காகவே ஊர் மொத்தமும் இந்த யோசனையை ஏற்றுக்கொண்டது.

3 (கங்காணியைப் பற்றி ஒரு புலம்பல். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.)

அழகுமலையை நான் வில்லனாகத்தான் வரச் சொன்னேன். முறுக்கு மீசை, கையில் பிரம்பு, கண்ணில் ஒரு தினுசான பார்வை, எல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்தேன். அவனோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "தாயி, கொஞ்சம் மோரு கெடைக்குமா? காலு ரெண்டும் செத்துப்போச்சு," என்றான். குடித்துவிட்டு, "எங்க தெக்கத்திப் பக்கம் இம்புட்டுப் புளிப்பாக் குடிக்க மாட்டாக. ஆனா நல்லாத்தான் இருக்கு," என்று இரண்டாவது செம்பையும் வாங்கிக்கொண்டான். அதற்கு மேல் அவனை எப்படி வில்லனாக்குவது?

மலையைப் பற்றியாவது பொய் சொல்வான் என்று காத்திருந்தேன். "தண்ணிக்குப் பஞ்சமில்லண்ணாச்சி. காலம்பற குளுருல பல்லு கிடுகிடுங்கும். அட்டை கடிக்கும். சோறு உண்டு. ஊரு நெனப்பு வரும். அம்புட்டுத்தான்," என்றான். இத்தனை நேர்மையான ஆளை வைத்துக்கொண்டு எந்தக் கதாசிரியன் பிழைப்பது?

மீசையை மட்டும் விட்டுவைத்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னியப்பன் குளித்துத் திருநீறு பூசி, மாகாளியம்மன் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தான். வெளியே கோயில் மரத்தடியில் சாட்சிக்குக் காளிச்சாமி. கவுளி வாக்குக்குச் சட்டதிட்டம் உண்டு. ஒரே ஒரு கேள்வியை மனசில் நினைக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. கவுளி சொல்லுகிற நொடியில் மனசில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் அந்த வாக்கு.

"ஈசானி மூலையில வெட்டலாமா தாயே" என்று ஆரம்பித்தான். வெட்டலாமா என்றதும் வேப்பமரம் வந்தது. வேப்பமரத்தடியில் வெட்டினால் காளிச்சாமி மச்சான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாரே என்று வந்தது. மயிலைக்குத் தவிடு போட்டோமா என்று வந்தது. மலையில் மாட்டைக் கட்ட இடம் கொடுப்பார்களா என்று வந்தது. மறுபடி ஈசானி மூலைக்கு ஓடினான். உச்சிப்பொழுது ஆயிற்று. கவுளி மூச்சுக் காட்டவில்லை.

திங்கட்கிழமையும் அதே கதை. உட்கார்ந்து எழுந்ததற்கே மூட்டை சுமந்தவன் மாதிரி களைத்துப்போய் வீட்டுக்கு வந்தான்.

"கவுளி சொல்லலையாட்ட இருக்குதுங்க?"

"சொல்லல. எனக்கென்னமோ அந்தக் கோயில்ல கவுளியே இல்லைன்னு தோணுது."

"இருந்திருக்கும். நீங்க மனசுக்குள்ள போடற சத்தத்துல காதப் பொத்தீட்டு ஓடிப் போயிருக்கும்."

"நான் கம்முனுதான உக்காந்திருந்தேன்?"

"வாயி கம்முனு இருந்துச்சுங்க," என்று சொல்லிவிட்டு முத்தாத்தாள் முறத்தை எடுத்துக்கொண்டு கம்பில் கல் பொறுக்க உட்கார்ந்தாள்.

அவள் விரல்களையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பை அவள் தேடவில்லை. கம்பு அல்லாததை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டே போனாள். இது கல், இது உமி, இது எலிப்புழுக்கை. கடைசியில் முறத்தில் இருந்தது கம்பு.

[இந்த இடத்தில் "சென்னியப்பன் அன்று ஒரு பெரிய உண்மையைக் கண்டுகொண்டான். மனிதன் தன்னையே —" என்று எழுதப் போய்விட்டேன். முத்தாத்தாள் முறத்திலிருந்தே நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அடித்துவிட்டேன்.]

5

செவ்வாய்க்கிழமை. இன்றைக்கும் இல்லையென்றால் வியாழக்கிழமை கம்பளிக்காரன் வந்துவிடுவான்.

சென்னியப்பன் உட்கார்ந்தான். கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கவுளிச் சத்தம் காதில் விழ வேண்டுமல்லவா என்று எண்ணினான். அது விழ வேண்டுமானால் கவுளி அல்லாத சத்தங்களைப் பொறுக்கி ஓரமாக வைக்க வேண்டும். முறத்தில் பார்த்தானே, அந்த மாதிரி.

முதலில் பனை. மலைக் கணவாய் வழியாக வருகிற காற்றில் வெளியே பனையோலைகள் சடசடத்தன. இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்ததால் அப்படியொரு சத்தம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. சரி, இது பனை. வைத்தாயிற்று. கிணுக். மணிச் சங்கிலி தூணில் உரசுகிறது. சரி. ஓட்டின் மேலே நகம் கீறும் சத்தம், காக்கை. அது இரண்டு எட்டு நடந்து ஒரு தத்துத் தத்தியது. ஒரு கால் நொண்டி போல. எங்கோ உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி இடிக்கிறார்கள். ஒருத்தி ஓங்கிப் போடுகிறாள், இன்னொருத்தி ஒப்புக்குப் போடுகிறாள். திரி பொரிகிற சத்தம். வெளியே காளிச்சாமி கொட்டாவி விட்டு, "மாகாளி, தாயே" என்றார்.

சத்தம் தீர்ந்ததும் வாசம் வந்தது. எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்த கல்லின் வாசம். வாடிய அரளி. அதற்கடியில் லேசாக வௌவால் நாற்றம். பிறகு தோல். வேட்டியின் ஓரம் முழங்காலில் உறுத்தியது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை இறங்கிப் புருவத்தில் தங்கியது. அதை அவன் துடைக்கவில்லை. அது இறங்குகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கியது.

அதற்கப்புறம் உள்ளே இருந்த சத்தங்கள். "தெக்கால வேப்பமரம்" என்று ஒரு குரல். இது யார்? தேங்காய்க்காரர். வெற்றிலை குதப்பிக்கொண்டு பேசுகிற அவருடைய குழறல்கூட அப்படியே இருந்தது. சரி, இது தேங்காய்க்காரர். ஓரமாக வைத்தான். "ஆழமாக்கு." இது நல்லதம்பி. "ஈசானி மூலை." இதைச் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு குரல், "உனக்கு ஒரு முடிவெடுக்கத் துப்பில்லை," என்றது. அதை அவன் இத்தனை காலமாகத் தன் குரல் என்றே நினைத்திருந்தான். இன்றைக்குக் காது கொடுத்துக் கேட்டால், அட, மாமனார்! கல்யாணப் பந்தியில், ரசமா மோரா என்று அவன் தடுமாறியபோது சொன்னது. இருபத்தைந்து வருஷமாக அந்த மனிதர் வாடகை கொடுக்காமல் அவன் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். சென்னியப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாமிக்கு முன்னால் சிரிக்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டு, மாமனாரையும் மரியாதையாகத் தூக்கி ஓரமாக வைத்தான்.

முறம் காலி.

[இங்கே "மனம் தெளிந்த நீரோடை ஆயிற்று" என்று எழுதி அடித்தேன். கிணற்றுக்கே தண்ணீர் இல்லாதவனுக்கு நீரோடை எதற்கு?]

காலியாக இருந்த இடத்தில், யாரும் கூப்பிடாமல், ஒரு சின்ன விஷயம் வந்து நின்றது. உள்ளங்கால் சில்லென்றிருந்தது. கோயில் தரையில் அல்ல, தரை சூடாகத்தான் இருந்தது. தினமும் அவன் காட்டுக்குள் நடக்கிற பாதை ஓரிடத்தில் வளைகிறது. அந்த வளைவில் செருப்பில்லாத காலுக்கு மண் கொஞ்சம் சில்லென்றிருக்கும். தினமும் மிதித்தவன்தான். ஒரு நாளும் கவனித்ததில்லை. மயிலை மத்தியானத்தில் வேப்ப நிழலை விட்டுவிட்டு அந்த வெயிலில்தான் போய்ப் படுக்கும். பைத்தியக்கார மாடு என்று திட்டியிருக்கிறான். இப்போது அந்தச் சில்லிப்பு மட்டும் காலில் இருந்தது. நன்றாக இருந்தது. அவன் அதிலேயே இருந்தான்.

ட்சு. ட்சு. ட்சு.

வலப்பக்கம். கணீரென்று மூன்று தடவை.

சென்னியப்பன் ஆனந்தமாகக் கண்ணைத் திறந்தான். அப்புறம்தான் அவனுக்கும் உறைத்தது. ஐயய்யோ, கேள்வியே கேட்கவில்லை.

6

[ஒரு பக்கக் குறிப்பு. இதுவரை எழுதிவிட்டு நானும் பேனாவை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். எழுதுகிறவன் செய்து பார்க்காததைப் பாத்திரத்தைச் செய்யச் சொல்வது நியாயமில்லை அல்லவா? முதல் ஐந்து நிமிஷம் என்னைத் தவிர யார் சத்தமும் கேட்கவில்லை. பிறகு குழாய் சொட்டியது. செக்குக்காரர் தன்பாட்டில் பாடிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக அவருக்கு மேலே குடியிருக்கிறேன், அவர் பாடுவார் என்பது எனக்குத் தெரியாது. சுருதி பிசகாமல் பாடுகிறார்.]

கோயில் வாசலில் காளிச்சாமி குதியாய்க் குதித்தார். "சொல்லிப் போட்டுது மாப்ள! வலம்! நான் காதாரக் கேட்டேன்! ஈசானி மூலையத்தான நெனைச்சே?"

"இல்லீங்க மச்சான்."

"வேப்பமரமா?" குரல் இறங்கிவிட்டது.

"அதுமில்லீங்க."

"பின்ன என்னதான் நெனைச்சே?"

"ஒன்னும் நெனைக்கலீங்க. காலு சில்லுன்னு இருந்துச்சு. அப்படியே இருந்துட்டேன்."

காளிச்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஆயுசில் இப்படியொரு வழக்கு வந்ததில்லை. நினைக்காமல் வந்த வாக்கு எந்தக் கணக்கில் சேரும்? "மனசுல நெனைக்காம எது நடந்தாலும் அது சேராது மாப்ள. ஆனையே வந்து சொன்னாலும் சேராது. வாக்கு வீணாப் போச்சு," என்று தீர்ப்புச் சொன்னார். இந்தத் தீர்ப்பை வாசகர்கள் முடிந்து வைத்துக்கொள்ளவும். முத்தாத்தாள் வைத்துக்கொண்டாள்.

அவள் கூழ்ச்சட்டியோடு வந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சட்டியை இறக்கினாள்.

"காலு சில்லுன்னுச்சா? எந்த எடத்துலீங்க?"

"நம்ம காட்டுக்குள்ள போற தடத்துல. வளையற எடம். மயிலை படுக்குமே."

முத்தாத்தாள் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

"அங்கதானுங்க நான் தெனமும் கூழுச்சட்டிய வெக்கிறேன்! அங்க வெச்சா அந்திக்குங்கூடப் புளிக்காது. மாட்டுக்குத் தெரிஞ்சிருக்குது, சட்டிக்குத் தெரிஞ்சிருக்குது. நம்ம ரெண்டு பேரும் ஊரெல்லாம் கேட்டுட்டுத் திரிஞ்சிருக்கறோம்!"

சென்னியப்பனும் சிரித்தான். தனக்கு இது தெரியும் என்பதே தனக்குத் தெரியாமல் இருந்ததை நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று அவனுக்கு நிச்சயமில்லை. ஆனால் எங்கே வெட்டப் போகிறோம் என்பது நிச்சயமாகிவிட்டது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்கு அவன் கூழை ருசி பார்த்துக் குடித்தான். உப்பு ஒரு கல் தூக்கல். அதையும் சொன்னான்.

"இத்தன நாளும் அப்படித்தான் போடறேன்," என்றாள் அவள்.

7

புதன்கிழமை காலையில் வளைவில் பூசை போட்டுக் கடப்பாரை இறங்கியது. நல்லதம்பி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டே வந்தாலும், மண்வெட்டியோடுதான் வந்தான். காளிச்சாமி, "இது சாஸ்திரத்துல இல்லை," என்று சொல்லிக்கொண்டே மண் அள்ளினார். தான் காட்டாத இடத்தில் நடக்கிற வேலைக்கு வந்து உழைக்கிற மனிதர்கள் எனக்குக் கதையில்தான் கிடைக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. பொய். என் ஊரில் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

கூடை கூடையாக மண் மேலே வந்தது. முத்தாத்தாளுக்குத் தலையில் சும்மாடு வைக்கத் துணி போதவில்லை. கிழிந்த சேலை மண்ணில் நழுவியது. வியாழக்கிழமை காலையில் வீட்டுக்குப் போனவள் கொடியைப் பார்த்தாள். கெட்டியான கறுப்புக் கம்பளி. சட்டென்று உருவி, உதறி, சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். வெயில், வேலை, அவசரம். அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

மத்தியானம் அழகுமலை வந்து நின்றான். குழியைப் பார்த்தான். கூடையைப் பார்த்தான். கூடைக்கும் தலைக்கும் நடுவில் இருந்ததைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"பிரிச்சுட்டியே தாயி! அப்ப மலைக்கு வாறீக!"

குழிக்குள் கடப்பாரை நின்றது. சென்னியப்பன் அண்ணாந்து பார்த்தான். கம்பளி பிரித்தால் பேச்சு மாற முடியாது என்பது ஊருக்கே தெரியும்.

முத்தாத்தாள் கூடையை இறக்கினாள். கம்பளியைத் தொட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்தது. ஒரு நொடிதான். பிறகு காளிச்சாமி பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்ண்ணா, மனசுல நெனைக்காம எது நடந்தாலும் அது சேராதுன்னு செவ்வாக்கெழம சொன்னீங்களே. அது கவுளிக்கு மட்டுந்தானுங்களா, கம்பளிக்கும் உண்டுங்களா?"

காளிச்சாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஆயுசிலேயே முதல் தடவையாக அவருடைய சாஸ்திரத்துக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. "கம்பளிக்கும் உண்டு அம்மிணி," என்றார் கம்பீரமாக. "நெனைக்காமப் பிரிச்சது பிரிச்சதாகாது."

"கவுளி நெனைக்காமச் சொன்னத மட்டும் சேத்துக்கிட்டுக் கெணறு வெட்டுறீகளாமே?" என்றான் அழகுமலை. ஊருக்குள் வரும்போதே எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

[நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. இந்தப் பத்தியை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.]

முத்தாத்தாளுக்குத் தெரிந்திருந்தது. "நாங்க வெட்டறது கவுளி சொன்னதுக்கில்லீங்க. காலு சொன்னதுக்கு. நீங்களும் செருப்பக் கழட்டீட்டு வந்து நின்னு பாருங்க."

அழகுமலை செருப்பைக் கழற்றினான். வளைவின் ஓரத்தில், இன்னும் வெட்டாத மண்ணில் வந்து நின்றான். கண்ணை மூடினான். எல்லாரும் அவன் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தீ," என்றான் மெதுவாக. "எங்கய்யா வீட்டுக் கெணத்தடியில நிக்கிற மாதிரி இருக்கு."

மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். "கொல்லங்கோட்டுப் பக்கம் இன்னும் ஆள் சேக்க வேண்டியிருக்கு. அமாவாசை வரைக்கும் இந்தப் பக்கந்தான் கெடப்பேன். அதுவரைக்கும் தவணை. அன்னைக்குத் தண்ணி இருந்தா கம்பளி எனக்கு. இல்லாட்டி நீங்க எனக்கு. சரியாண்ணாச்சி?"

"சரிங்க," என்றான் சென்னியப்பன். யாரையும் கேட்காமல் அவன் சொன்ன முதல் சரி. குழிக்குள்ளிருந்து அது கொஞ்சம் எதிரொலித்தது.

"அப்ப அந்தக் கூடைய இங்கிட்டுத் தள்ளு தாயி. சும்மா நிக்கிறதுக்கு எனக்குக் கூலியா குடுக்கப் போறீக?" என்றபடி அழகுமலை கம்பளியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

8

முடிவு வேண்டும். எழுதிப் பார்த்தவற்றைக் கீழே கொடுக்கிறேன்.

(அ) இருபத்தெட்டாவது அடியில் கடப்பாரை நனைந்தது. ஊரே குலவையிட்டது. மயிலை தலையை ஆட்டி —

மயிலை தலையை ஆட்டுவது வரை போனதும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

(ஆ) முப்பதாவது அடியில் பாறை. எல்லாரும் மலையேறினார்கள். ஆனால் சென்னியப்பனின் உள்ளம் மட்டும் —

இப்படி எழுதினால் முத்தாத்தாள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

(இ) நண்பர்கள் நான்கு பேரையும் கூப்பிட்டு யோசனை கேட்பது.

கேட்கவில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அமாவாசைக்கு முதல் நாள் இந்தப் பக்கம் ஒரு நல்ல கோடை மழை பெய்தது. அமாவாசை காலையில் அழகுமலை மலைக்குப் போகிற கோவிந்தாபுரம் பாதையில் கிழக்கே நடக்கிறான். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போகிறான். கம்பளி அவன் தோளில் இருக்கிறது. அது ஈரம். நேற்றைய மழையா, கிணற்றுத் தண்ணீரா? நல்ல கனம். நடக்க நடக்கப் புழுதியில் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டே போகிறது. அவனுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்பதைப் பாதையின் திருப்பம் மறைக்கிறது. அந்தத் திருப்பத்தைத் தாண்டி எட்டிப் பார்க்க என்னால் முடியும், கதை என்னுடையதுதானே. பார்க்கவில்லை.

மழையில் நனைந்த கம்பளியில் ஆட்டு முடி வாசம்தான் அடிக்கும். கூடையிலிருந்து ஆழத்துக் களிமண் ஒழுகி நனைந்த கம்பளியின் வாசமே வேறு. ஒரு முறை மோந்தவர்களுக்கு அது மறக்காது. புதுக் கிணற்றின் அடி மண்ணை நீங்கள் மோந்ததில்லையா? பரவாயில்லை. முதல் மழைக்கு முன்னால் வாசலில் நின்றிருக்கிறீர்கள். மண்பானைக்குள் தலையை விட்டுப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் மூக்குக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாவிட்டாலும்.

எனக்கு என்ன வாசம் வருகிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் கீழே செக்குக்காரர் பாடுகிறார், நான் சிரித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என்னைக் கேட்காதீர்கள். அடுத்தவரைக் கேட்டுக் கேட்டே மூன்று கோடையை விட்ட ஆளின் கதை இது. இந்தாருங்கள் கம்பளி. ஜாக்கிரதை, சொட்டுகிறது. காளிச்சாமி ஏதாவது சொல்வார், தேங்காய்க்காரர் சொல்வார், உங்கள் மாமனார்கூடச் சொல்வார். ஒவ்வொருவரையும் மரியாதையாகத் தூக்கி ஓரமாக உட்கார வையுங்கள். முத்தாத்தாள் உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

"கம்முனு இருந்து, மோந்து பாருங்க," என்கிறாள்.